பைக் வேலையை வீட்டு வாசலிலேயே கற்றுக்கொள்ள முடியுமா?

கேள்வி இதுதான்: 2014 மாடல் ஸ்ப்ளெண்டர் ஒன்று கையில் இருக்கிறது. மெக்கானிக் வேலை எதுவும் தெரியாது. வீடியோக்கள் நிறையப் பார்த்தாயிற்று, ஆனால் ஸ்பேனரைத் தொட பயம். எங்கும் போய்ப் படிக்காமல் வீட்டிலேயே செய்து பார்த்துக் கற்க முடியுமா, எங்கே தொடங்குவது, எதுவரை போகலாம்?

முடியும். ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படிப்பு 2 வருஷம். அதை முடித்து வருகிற பையனும் பட்டறையில் சேர்ந்து, நாலு வண்டியைப் பிரித்து மாட்டிய பிறகுதான் வேலைக்காரன் ஆகிறான். கை பழகாமல் இந்த வேலை யாருக்கும் வந்ததில்லை. ஆனால் கை பழகினால் மட்டும் போதாது, அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. கற்பதற்கு இதைவிட நல்ல வண்டி கிடைப்பது கஷ்டம். 97.2 சிசி, ஒரே சிலிண்டர், காற்றிலேயே குளிரும் எஞ்சின், டிரம் பிரேக், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டர். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை. 1985-ல் வந்த சிடி 100, 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டர் என்று ஒரே குடும்பமாக வந்த எஞ்சின் என்பதால் எந்த ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் சாமான் கிடைக்கும், எந்த மெக்கானிக்கிடமும் சந்தேகம் கேட்கலாம். 8, 10, 12, 14, 17 அளவு ரிங் ஸ்பேனர்கள், ஒரு பிளக் ஸ்பேனர், நல்ல ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, கட்டிங் பிளேயர் ஒன்று இருந்தால் பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடும். பெரிய செட்டாக 100 சாமான் உள்ள பெட்டியை வாங்க வேண்டாம். தேவைப்படும்போது ஒவ்வொன்றாக, நல்லதாக வாங்குங்கள். மட்டமான ஸ்பேனர் நட்டின் மூலைகளை மழித்துவிடும். அப்புறம் அந்த நட்டை எடுப்பதே தனி வேலையாகிவிடும்.

இப்போது முக்கியமான விஷயம். கழற்றிக் கழற்றி மாட்டினால் கை வேகமாகும், ஆனால் கோளாறைக் கண்டுபிடிக்கும் புத்தி தானாக வந்துவிடாது. அது வருவதற்கு ஒரே பழக்கம் போதும். எந்த மூடியைத் திறப்பதற்கு முன்பும், உள்ளே என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். பிளக்கைக் கழற்றப் போகிறீர்களா? "கறுப்பாக இருக்கும், மைலேஜ் குறைந்திருக்கிறது, பெட்ரோல் அதிகம் போகிறது" என்று எழுதிவிட்டுக் கழற்றுங்கள். பழுப்பாக இருந்தால் உங்கள் கணிப்பு தப்பு, கோளாறு வேறெங்கோ இருக்கிறது. அந்தத் தப்பு கணிப்பு கற்றுத் தருவது நாலு மணிநேர வீடியோவில் கிடைக்காது. எழுதாமல் திறந்தால், எதைப் பார்த்தாலும் "இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு முன்னமே தெரியும்" என்று மனசு சொல்லிவிடும். தேதி, கிலோமீட்டர், எதிர்பார்த்தது, கண்டது, செய்தது. இவ்வளவுதான் நோட்டு.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். என் அக்கா மகனின் பழைய பைக் சில கிலோமீட்டர் ஓடியதும் இழுவை குறைந்து, இருமி, நின்றுவிடும். பத்து நிமிஷம் ஓரமாக நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடும். கடையில் கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், வண்டி ஓடியது. அடுத்த வாரம் மறுபடி நின்றது. மறுபடி சுத்தம், மறுபடி ஓட்டம். ஒவ்வொரு தடவையும் கார்பரேட்டரில் குப்பை என்றே நம்பினார்கள், ஏனென்றால் சுத்தம் செய்ததும் ஓடுகிறதே.

இந்த அறிகுறிக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, சூடானதும் பொறி தராமல் போகும் இக்னிஷன் காயில் (பிளக்குக்குப் பொறி தருவது) அல்லது பல்சர் காயில் (பொறி எப்போது வர வேண்டும் என்று சைகை தருவது). இன்னொன்று, டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருப்பது. பெட்ரோல் கீழே இறங்க இறங்க அதன் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, பெட்ரோல் இறங்குவது நின்றுபோகும். வண்டி நின்று பத்து நிமிஷம் ஆனால் மெல்ல மெல்லக் காற்று கசிந்து உள்ளே போய்விடும், மறுபடி ஓடும். அதாவது கார்பரேட்டரைக் கழற்ற எடுத்துக்கொண்ட நேரம்தான் வண்டியை ஓட வைத்தது, சுத்தம் அல்ல.

இரண்டையும் பிரித்தறிய ஒரே சோதனை போதும், ஆனால் அதை வண்டி நின்ற அந்த நிமிஷமே செய்ய வேண்டும். டேங்க் மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டு, அரை நிமிஷத்தில் வண்டி ஓடினால் துளையில்தான் கோளாறு. திறந்தும் ஓடவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பொறியைப் பார்க்க வேண்டும். அவன் சாலையோரத்தில் மூடியைத் திறந்தான், ஓடியது. நான் சொன்னது, "இதோடு விடாதே, மூடியைப் பழையபடி பூட்டிக்கொண்டு ஓட்டு, அதே இடத்தில் மறுபடி நிற்கிறதா பார்" என்று. நின்றது. மெல்லிய கம்பியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்ததோடு சரியாகிவிட்டது. கோளாறைத் திரும்ப வரவழைத்துப் பார்க்காமல் சரியானதாக நம்பாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக், ஃபில்டர், கார்பரேட்டர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் வண்டி சரியாகலாம், ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது.

சரி, எந்த வேலையிலிருந்து தொடங்குவது? தண்ணீர் சர்வீசுக்குக் கொடுக்காமல் நீங்களே வாளியும் துணியுமாக வண்டியைக் கழுவுங்கள். அற்பமாகத் தெரியும், ஆனால் எஞ்சினின் ஒவ்வொரு மூலையையும் விரலால் தொட்டுத் துடைக்கும்போதுதான் எங்கே ஆயில் கசிகிறது, எந்த நட்டு ஆடுகிறது, எந்த வயர் உரசி உறை போயிருக்கிறது என்று தெரியும். கடையில் பிரஷர் வைத்து அடித்தால் அந்தக் கசிவின் தடமும் சேர்ந்து போய்விடும். துடைக்கப் பட்டறைக்காரர்கள் வாங்குகிற பனியன் வேஸ்ட் ஒரு கிலோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது செயின். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும் என்பதை இது நேரடியாகக் காட்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்துப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே தளர்ச்சியாக இருக்காது. எங்கே அதிகமாக இறுகுகிறதோ அந்த இடத்தில் நிறுத்தி அளக்க வேண்டும். இந்த வகை வண்டிகளில் நடுப்பகுதி மேலும் கீழுமாக ஏறத்தாழ 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். உங்கள் மாடலுக்கான சரியான அளவு உரிமையாளர் கையேட்டில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் சம அளவு திருப்பி, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்து இறுக்குங்கள்.

இங்கே இரண்டு விஷயம். பலரும் செயின் டைட்டாக இருந்தால் நல்லது என்று நினைத்து இழுத்து வைக்கிறார்கள். ஆள் உட்கார்ந்ததும் ஸ்விங் ஆர்ம் மேலே ஏறி, செயின் மாட்டியிருக்கும் பல்சக்கரங்களான முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் உள்ள தூரம் கூடும். ஆளில்லாமல் டைட்டாக இருந்த செயின் ஆள் ஏறியதும் கம்பி போல் விறைத்து, கியர் பாக்ஸ் பேரிங்கை இழுக்கும். கொஞ்சம் தளர்வாக இருப்பதைவிட இது மோசம். நம்பிக்கை வராவிட்டால் ஒருவரை உட்கார வைத்துத் தொட்டுப் பாருங்கள். இரண்டாவது, சக்கரம் பின்னால் நகர்ந்ததால் பின் பிரேக் ராடும் இழுபட்டிருக்கும், பிரேக் இறுகியிருக்கும். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, பிரேக் நட்டைத் தளர்த்திச் சரிசெய்து, பிரேக் லைட் சரியான நேரத்தில் எரிகிறதா என்றும் பார்த்தால்தான் செயின் வேலை முடிந்தது. இதைச் செய்யாமல் ஓட்டிப் போய், டிரம் சூடாகி, மைலேஜ் விழுந்தபின் கார்பரேட்டரைக் குறை சொல்பவர்கள் உண்டு.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினைத் துணியால் துடைக்காதீர்கள். துணி ஸ்ப்ராக்கெட்டில் சிக்கினால் விரலும் கூடவே போகும். யோசித்துக் கையை எடுக்க நேரம் இருக்காது. செயினைத் துடைப்பதும் எண்ணெய் விடுவதும் எஞ்சின் அணைந்திருக்கும்போது, கையால் சக்கரத்தைச் சுற்றித்தான்.

ஆயில் மாற்றுவது அடுத்தது. எஞ்சின் மிதமான சூட்டில் இருக்கும்போது அடியில் உள்ள 17 அளவு டிரெயின் போல்ட்டைக் கழற்ற வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். போல்ட் தலைகீழாகத் தரையைப் பார்த்து இருக்கிறது, மேலிருந்து பார்த்துக்கொண்டு திருப்பினால் கழற்றுவதாக நினைத்து இறுக்கிவிடுவீர்கள். அடியில் படுத்து, போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்புங்கள். வடிந்த ஆயிலை இரண்டு விரல்களுக்கிடையில் தேய்த்து வெயிலில் பாருங்கள். கறுப்பாக இருப்பது சாதாரணம். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. மினுமினுப்பாக உலோகத் துகள் தெரிந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது, அதை நோட்டில் எழுதி அடுத்த முறையும் பாருங்கள்.

ஊற்றும் ஆயில் பைக்குக்கானதாக இருக்க வேண்டும், டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற குறி இருக்கும். இந்த எஞ்சினில் கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கின்றன. உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் உள்ள கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். அளவு பார்க்கும்போது, டிப் ஸ்டிக்கைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பார்ப்பதுதான் இந்த வண்டியின் முறை. வேறு சில வண்டிகளில் வேறு முறை, கையேட்டைப் பார்க்கவும். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பக்கத்துப் பட்டறையில் டிரம் வைத்துச் சேர்ப்பார்கள், ஒரு கேனில் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

இறுக்குவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சொந்தமாக வேலை செய்பவர்கள் வண்டியைக் கெடுப்பது பெரும்பாலும் கழற்றும்போது அல்ல, மாட்டும்போது. எஞ்சின் கவர்கள் அலுமினியம், போல்ட்டுகள் எஃகு. அளவுக்கு மீறி இறுக்கினால் பெரும்பாலும் போல்ட் உடையாது, அலுமினிய மரைதான் சிதைந்து போகும். பிறகு லேத் பட்டறையில் கொடுத்துப் புது மரை போட வேண்டியதுதான். 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள போல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் இறுக்கம் 10 நியூட்டன் மீட்டர் அளவு. கைக்கு எப்படித் தெரியும் என்றால், 10 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 10 கிலோ எடையைத் தொங்கவிட்ட அழுத்தம். அதே போல்ட்டை 20 சென்டிமீட்டர் ஸ்பேனரால் இறுக்கினால் 5 கிலோ அழுத்தமே போதும். நீளமான டி ஸ்பேனரை முழுக் கையால் பிடித்துச் சின்ன போல்ட்டை இறுக்கினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சின்ன போல்ட்டுக்கு ஸ்பேனரின் தலைக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டு விரலால் இறுக்குங்கள்.

இந்த உணர்வைப் பழக நான் எல்லோருக்கும் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. பழைய இரும்புக் கடையில் உடைந்த எஞ்சின் கவரோ கேஸோ மரை உள்ளதாக ஒன்று வாங்குங்கள். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது, கோவைக்காரர்களுக்கு உக்கடம். எடைக்குத்தான் கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, அதில் ஒரு போல்ட்டைப் போட்டு, மரை போகும்வரை வேண்டுமென்றே இறுக்குங்கள். முதலில் கை எதிர்ப்பை உணரும், எதிர்ப்பு ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் திடீரென்று மெதுவாக இளகும். அந்த இளக்கம்தான் மரை போகிற கணம். இன்னொரு துளையில் அந்தக் கணத்துக்கு வெகு முன்னாலேயே நிறுத்திப் பழகுங்கள். சொந்த வண்டியில் இதைக் கற்பதைவிட மலிவான வழி இது. கவர் போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது என்பதையும் அப்போதே கவனிப்பீர்கள். நீளமானதைக் குட்டையான துளையில் போட்டு இறுக்கினால் கேஸ் விரிசல் விடும். ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்தில் குத்தி வைத்துவிட்டால் குழப்பம் வராது. போனில் படம் எடுத்துக்கொள்வதும் நல்லது, ஆனால் படத்தில் நீளம் தெரியாது.

பிளஸ் ஸ்க்ரூக்களில் இன்னொரு தொந்தரவு. ஜப்பானிய வம்ச வண்டிகளின் பிளஸ் தலை, சாதாரண பிலிப்ஸ் டிரைவரின் நுனியோடு முழுதாகப் பொருந்தாது. வழுக்கித் தலை மழுங்கிவிடும். ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) என்று குறிப்பிட்ட டிரைவர் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நுனி தேயாத டிரைவரை வைத்து, முதலில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, உடம்பின் பாரத்தை முழுக்க அழுத்துவதற்கே கொடுத்து, மெதுவாகத் திருப்புங்கள். அழுத்துவது அதிகமாகவும் திருப்புவது குறைவாகவும் இருக்க வேண்டும்.

பிளக்கைப் போடும்போதும் இதே கவனம். முழு மரையும் விரலாலேயே ஏற வேண்டும். முதலில் பின்பக்கமாகச் சுற்றினால் ஓரிடத்தில் 'டிக்' என்று ஒரு சின்ன இறக்கம் தெரியும், மரையின் தொடக்கம் அதுதான். அங்கிருந்து முன்னோக்கித் திருப்புங்கள். உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர். வாஷர் உள்ள புது பிளக் என்றால் சுமார் அரைச் சுற்று, பழையதை மறுபடி போடுவதென்றால் அதைவிட மிகக் குறைவு.

வண்டி ஸ்டார்ட் ஆகாத நாளில் அந்தப் பிளக்தான் உங்களுக்குச் சாட்சி. கொஞ்ச நேரம் உதைத்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். நுனி ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் வரவில்லை அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை, டேங்க், குழாய், கார்பரேட்டர் என்று அந்த வழியில் தேட வேண்டும். பொறியைப் பார்க்க, பிளக்கைக் கேப்பில் மாட்டி, உலோக உடம்பு எஞ்சினில் படும்படி வைத்து உதைக்க வேண்டும். பெட்ரோல் சிந்திய இடத்துக்கோ திறந்த பிளக் துளைக்கோ பக்கத்தில் வைக்காதீர்கள், பொறி ஆவியில் பற்றிக்கொள்ளும்.

டேப்பெட் செட் செய்வது, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்வது, கொஞ்சம் தைரியம் வந்த பிறகு. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், அதனால் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் செய்வது வசதி. இடது பக்கக் கவரில் உள்ள இரண்டு மூடிகளைக் கழற்றினால் ஒன்றின் வழியாக ஃப்ளைவீலைத் திருப்பலாம், மற்றதன் வழியாக அதிலுள்ள 'டி' என்ற குறியைப் பார்க்கலாம். குறி நேராக வந்தும் ராக்கர்கள் அசையாமல் இறுக்கமாக இருந்தால் நீங்கள் தவறான ஸ்ட்ரோக்கில் (வால்வுகள் முழுதாக மூடியிராத சுற்றில்) இருக்கிறீர்கள், இன்னொரு முழுச் சுற்று போக வேண்டும். இடைவெளி 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு. சரியான எண்ணைச் சர்வீஸ் மேனுவலில் பார்த்து, அந்தத் தடிமனுள்ள ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தகட்டைச் செருகினால், தடித்த புத்தகத்தின் நடுவிலிருந்து ஒரு தாளை உருவுவது போன்ற மெல்லிய பிடிப்பு இருக்க வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கொஞ்சம் சேர்ந்து திரும்பும், இடைவெளி மாறும். ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். அதைச் செய்யாதவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று, 'டிக் டிக்' சத்தமே இல்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளர்களுக்காக டேப்பெட்டை இறுக்கி வைத்துக் கொடுக்கும் பழக்கம் உண்டு. அது எஞ்சினுக்குக் கெடுதல். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை இறக்கிக்கொள்வதே சீட்டில் உட்காரும் நேரத்தில்தான். இடைவெளி இல்லாவிட்டால் முழுதாக உட்காராது, விளிம்பு கருகும், கம்ப்ரஷன் போகும். லேசாகச் சத்தம் போடும் டேப்பெட்டைவிட, சத்தமே இல்லாத டேப்பெட்டைப் பார்த்துக் கவலைப்படுங்கள்.

கார்பரேட்டருக்கு நான் சொல்வது ஒன்றே: காரணமில்லாமல் தொடாதீர்கள். தொடுவதானால் காற்றளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அது முழுதாக உள்ளே உட்கார எத்தனை சுற்று என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். ஜெட் துளையில் ஊசியை விடாதீர்கள், பித்தளை கீறிவிடும், கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் சேர்ந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களையும் பாதிக்கக்கூடும். ஆகவே நாட்கணக்கில் வண்டி நிற்கப் போகிறது என்றால் கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுலில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள், பெட்ரோல் குழாய்களை அவ்வப்போது விரலால் வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

எலக்ட்ரிக்கல் பக்கம் பயப்படத் தேவையில்லை, சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். எஞ்சின் அணைந்து சில மணி நேரம் ஆன நல்ல பேட்டரி 12.5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டும். எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 13.5-க்கு மேல் ஏற வேண்டும், ஏறாவிட்டால் சார்ஜ் ஆகவில்லை. உங்கள் மாடலில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை, எஞ்சின் சுழலும்போது காயில் தரும் கரண்டிலேயே எரிகிறது. அதனால்தான் சிக்னலில் நிற்கும்போது மங்குகிறது. ஹெட்லைட் நன்றாக எரிந்து ஹாரன் மட்டும் கம்மலாக இருந்தால் எதைச் சந்தேகப்படுவீர்கள்? மீட்டரை எடுக்கும் முன் நோட்டில் எழுதிப் பாருங்கள்.

பக்கத்தில் நல்ல மெக்கானிக் ஒருவர் இருந்தால் அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். "நானே செய்துகொள்கிறேன்" என்று காட்டிக்கொள்ளாமல், கூட்டமில்லாத நேரமாகப் போய், "அண்ணே, இதைப் பார்த்துட்டுப் போகவா" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள். சாமான் எடுத்துக் கொடுங்கள். வேலை நடுவில் கேள்வி கேட்காதீர்கள், முடித்துக் கை துடைக்கும்போது கேளுங்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து அவர் சத்தம் கேட்பதைப் பார்ப்பீர்கள். அந்தச் சத்தத்தை உங்களையும் கேட்க வைக்கச் சொல்லுங்கள். நல்ல பேரிங், தேய்ந்த பேரிங் இரண்டையும் அடுத்தடுத்துக் காதால் கேட்ட பிறகு மறக்காது. உங்கள் வண்டி வேலைக்கு அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

எதுவரை போகலாம் என்று கேட்டீர்கள். பிரேக் ஷூ மாற்றுவதை நீங்களே செய்யலாம், ஆனால் முதல் இரண்டு மூன்று தடவை தெரிந்தவர் ஒருவர் பார்த்த பிறகே சாலைக்கு எடுங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாதீர்கள், பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். வேலை முடிந்ததும் தெருவில் மெதுவாக ஓட்டி, இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்க்காமல் வீட்டில் யாரையும் பின்னால் ஏற்றாதீர்கள். டிஸ்க் பிரேக் உள்ள வண்டி என்றால் லைனில் காற்று எடுப்பதை ஒருவரோடு சேர்ந்து செய்து பழகிய பிறகே தனியாகச் செய்யுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 வண்டி வைத்திருப்பவர்களுக்கும் மேலே சொன்ன செயின், ஆயில், பிரேக், டேப்பெட் எல்லாம் பொருந்தும். கார்பரேட்டர் இருந்த இடத்தில் இன்ஜெக்டரும் சென்சார்களும் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அது காட்டும் கோளாறுக் குறியீட்டை (எரர் கோட்) படிக்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

எஞ்சினை இரண்டாகப் பிளப்பது, கிராங்க், ஃபோர்க் நேராக்குவது, ரிம் கோட்டம் எடுப்பது இவையெல்லாம் தனிச் சாதனமும் பிரஸ்ஸும் வேண்டிய வேலைகள். அவற்றைக் கடைக்கே கொடுங்கள். ஆனால் நோட்டோடு போங்கள். எத்தனை கிலோமீட்டரில் புகை தொடங்கியது, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டுமா அல்லது ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதா, 1,000 கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குறைகிறது என்று சொல்லுங்கள். காலையில் மட்டும் என்றால் வால்வு சீல் மாற்றினாலே போதுமாக இருக்கலாம், இழுக்கும்போதெல்லாம் புகை என்றால் ரிங்கும் போரும் பக்கம் பார்க்க வேண்டும். போர் போட வேண்டும், அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும் என்று சொன்னால், சிலிண்டரை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்திலும் அளந்து காட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்து வந்ததும் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் என்ன இடைவெளி வைத்தார்கள் என்று கேட்டு அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.